கிடார்ல கீரவாணி: ஜி ஷார்ப்பை எங்கே வைக்கிறது?

வெள்ளிமலையிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, ஹார்மோனிக் மைனர் ஸ்கேலை மேலயும் கீழயும் நல்லாவே வாசிக்கிறேன். ஆனா அது ட்யூனா மாற மாட்டேங்குது. கேக்குறவங்க பாம்பாட்டி மகுடி மாதிரி இருக்குன்னு சிரிக்கிறாங்க. தை மாசம் ஊர்ல வாசிக்க சொந்தமா ஒரு பாட்டு வேணும்." மகுடின்னா வழக்கமா புன்னாகவராளிதான், அது வேற ராகம். ஆனா அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியுது. இன்னைக்கு எபிசோட் முழுக்க இதைப் பத்தித்தான்.

முதல்ல, இது வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்க வேண்டாம். ஹார்மோனிக் மைனரோட சுரங்கள் அப்படியே நம்ம கீரவாணி, 21வது மேளகர்த்தா. 'காற்றில் எந்தன் கீதம்', 'ராஜ ராஜ சோழன் நான்', 'மலையோரம் வீசும் காத்து' எல்லாம் கீரவாணிதான். மூணும் இளையராஜா. தம்பி, உங்க காதுல இந்த ஸ்கேல் ஏற்கெனவே இருக்கு. விரலுக்குத்தான் இன்னும் வரல.

ஏ மைனர்ல எடுத்துக்குவோம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி ஷார்ப். சாதாரண மைனருக்கும் (அது 20வது மேளமான நடபைரவி) இதுக்கும் ஒரே ஒரு சுரம்தான் வித்தியாசம். அங்க ஜி, இங்க ஜி ஷார்ப். கிடார்ல பாத்தா மூணாவது கம்பியைச் சும்மா விட்டா ஜி, முதல் ஃப்ரெட்ல விரல் வெச்சா ஜி ஷார்ப். ஈ மைனர் கார்டை ஈ மேஜரா மாத்துறதும் இதே விரல்தான்!

இந்த ஸ்கேல் பொறந்த காரணமே அந்த விரல்ல இருக்கு. ஈ மேஜர் கார்டுக்குள்ள இருக்கிற ஜி ஷார்ப், ஒரே ஃப்ரெட் தள்ளி இருக்கிற ஏ-வுக்குப் போகத் துடிக்கும். ஈ மைனர்ல அந்தத் துடிப்பு இல்ல. கார்டுக்காக, அதாவது ஹார்மனிக்காக, ஏத்தின சுரம். அதனாலதான் அந்தப் பேரு.

ஏத்தினதுல ஒரு பள்ளம் விழுந்துச்சு. எஃப்புக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவுல மூணு ஃப்ரெட் இடைவெளி. ஐரோப்பாவுல பாடுறதுக்கு இது கரடுமுரடா இருக்குன்னு, மேல ஏறும்போது எஃப்பையும் ஷார்ப் பண்ணிக்கிட்டாங்க. அது மெலோடிக் மைனர், நம்ம கௌரிமனோகரி. நமக்கோ அந்தப் பள்ளம்தான் கீரவாணியோட அழகே. ஆனா ஒவ்வொரு வரியிலயும் அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தாண்டி வாசிச்சா மகுடின்னு சிரிக்கத்தான் செய்வாங்க.

சரி, வாசிச்சுப் பாப்போம். மலைக் குளிர்ல கம்பியோட சுருதி மாறியிருக்கும், ட்யூன் பண்ணிட்டு வாங்க.

ஏ மைனர் கார்டுக்கு மேல: ஈ – எஃப் – ஈ – டி – சி. டி மைனருக்கு மேல: எஃப் – ஈ – டி – எஃப். ஈ மேஜருக்கு மேல: ஈ – டி – பி – ஜி ஷார்ப், கடைசி சுரத்தை ரெண்டு தட்டு நீட்டுங்க. அப்புறம் ஏ மைனர் கார்டோட ஏ. எல்லாமே முதல் மூணு ஃப்ரெட்டுக்குள்ள, மேல் ஸ்தாயி மூணு கம்பியிலயே முடிஞ்சிடும்.

இதுல ஜி ஷார்ப் வந்தது ஒரே தடவை. முன்னாடி எஃப்பைக் காட்டி ஆசை காட்டியாச்சு, ஆனா எஃப்லருந்து நேரா ஜி ஷார்ப்புக்குத் தாவல. சுத்தி வந்து மேலிருந்து இறங்கிப் பிடிச்சோம். இப்ப ஈ மேஜருக்குப் பதிலா ஈ மைனர், ஜி ஷார்ப்புக்குப் பதிலா வெறும் ஜி வெச்சு வாசிங்க. வீடு வந்து சேர்ற உணர்வு பாதிக்கு மேல போயிடும்.

இங்க ஒரு முடிவு எடுத்தாகணும். கீரவாணியா மட்டும் வாசிக்கணும்னா நிஷாதம் ஒண்ணுதான், வெறும் ஜி கிடையாது. சி மேஜர், ஜி மேஜர் கார்டெல்லாம் போட்டுப் பாட்டு கட்டணும்னா, அந்தக் கார்டுகள்ல வெறும் ஜி இருக்கு. அங்க ஜி ஷார்ப்பை இழுத்து நிறுத்தினா இடிக்கும். அப்ப சி, ஜி வர்ற இடத்துல ஜி, ஈ மேஜர் வர்ற இடத்துல மட்டும் ஜி ஷார்ப். புதுசா எழுதுறவங்களுக்கு என் வோட்டு ரெண்டாவது வழிக்கு. கீரவாணியை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்க கமகம் வேணும். தடிமனான அக்கூஸ்டிக் கம்பியில மூணு ஃப்ரெட் தூரத்துக்கு இழுக்க விரல் ரத்தம் கக்கும். ஸ்லைட் பண்றதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு விளையாட்டு. ஆறாவது கம்பியில வெறும் ஈ-யைத் தட்டிக்கிட்டே, அதே ஏழு சுரத்தை ஈ-லருந்து ஈ வரைக்கும் வாசிங்க. ராகமே மாறி வகுளாபரணம் ஆயிடும், ஸ்பெயின் ஃபிளமெங்கோ வாசனையும் வரும். பாட்டோட நடுப்பகுதிக்கு வெச்சுக்கலாம்.

தம்பி, ஸ்கேலை ஒரு வாரம் ஓரமா வைங்க. நாலு கார்டைத் தட்டிக்கிட்டே வாயால முனகுங்க, போன்ல பதிவு பண்ணுங்க, அப்புறம் கம்பியில தேடுங்க. வந்ததை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போட்டுக் கேப்போம்.