வாழைக்கு விதை இல்லாதது ஏன்?

வாழைப் பழத்தை நறுக்கினால் நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை. காட்டு வாழையிலோ கடினமான கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும். இந்த வேறுபாட்டுக்கான காரணம் பயிரின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது.

ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம்கள் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. பயிரின் உயரம், பழத்தின் சுவை, நோய் தாங்கும் திறன் போன்ற குணங்களைத் தாங்கி நிற்பவை இவையே. இவற்றின் எண்ணிக்கை பயிருக்குப் பயிர் மாறும். நெல்லுக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20.

இருவகைப் பிரிவு

வேரும் இலையும் கிழங்கும் வளரும்போது ஓர் உயிரணு இரண்டாகப் பிரிகிறது. அதற்கு முன்பே ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கிக் கொள்வதால், இரண்டு உயிரணுக்களுக்கும் எண்ணிக்கை குறையாமல் கிடைக்கிறது.

பூவில் நடப்பது வேறு. அங்கே குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு பாதிப் பாதியாகப் பிரிகின்றன. நெல்லின் மகரந்தத்துக்கு 12, சூலின் முட்டைக்கு 12. இரண்டும் கலந்து விதையில் மீண்டும் 24 ஆகிறது.

மூன்றாவதால் வரும் சிக்கல்

காட்டு வாழைக்கு 22 குரோமோசோம்கள். அதாவது 11 ஜோடிகள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், ரொபஸ்டா ஆகிய ரகங்களுக்கு 33. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நிற்பதால் பங்கீடு குலைகிறது. மகரந்தமும் சூலும் பெரும்பாலும் பயனற்றுப் போகின்றன. ஆயினும் மகரந்தச் சேர்க்கை இன்றியே காய் பருக்கும் இயல்பு இந்த ரகங்களுக்கு இருப்பதால் விதையற்ற பழம் கிடைக்கிறது.

தாயைப் போலக் கன்று

விதை இல்லாததால் பக்கக் கன்றையே நட வேண்டியுள்ளது. தாய்க்கிழங்கிலிருந்து முதல் வகைப் பிரிவால் வளரும் கன்றில் தாயின் குணம் அப்படியே வரும். இது நன்மை. ஆனால் தோட்டம் முழுவதும் ஒரே குணம் என்பதால், ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் எல்லா மரங்களையும் வீழ்த்தும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்குப் பயிரான குரோ மிஷேல் ரகம் பனாமா வாடல் நோயால் 1960-களில் கைவிடப்பட்டது. நம் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் பெருமளவில் அழித்தது. இந்த நோய்கள் கன்று வழியாகவும் பரவுகின்றன.

கன்று எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நல்ல தார் ஈன்ற, நோயற்ற தாய்மரத்தில் மட்டுமே கன்று எடுக்க வேண்டும்.

2. இலைகள் சிறுத்து உச்சியில் கொத்தாக நிற்கும் மரம் முடிக்கொத்து நோய் கண்டது. அதன் கன்று எதையும் நடக்கூடாது. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நோய் உள்ளே இருக்கும்.

3. 2 முதல் 3 மாத வயதும், 1.5 முதல் 2 கிலோ எடையும் உள்ள ஈட்டி இலைக் கன்று ஏற்றது. அகன்ற இலையுள்ள நீர்க்கன்றைத் தவிர்க்க வேண்டும்.

4. கிழங்கின் வேர்களையும் அழுகிய பகுதிகளையும் சீவி நீக்க வேண்டும். உள்ளே செம்பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது வாடல் நோயின் அடையாளம். அக்கன்றை ஒதுக்க வேண்டும்.

5. திசு வளர்ப்புக் கன்றும் தாயின் நகலே. நச்சுயிரிச் சோதனை செய்யப்பட்ட தாயிலிருந்து வந்ததா என்று கேட்டறிந்த பிறகே வாங்க வேண்டும்.