பொழுதை ஆளும் விளக்கு

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் திருவண்ணாமலை. சித்திரை மாதத்தில் முற்பகல் ஏற ஏறக் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. இந்த ஊரில் போய் வீட்டுக்குள் எல்இடி விளக்கைப் போட்டுச் செடி வளர்ப்பானேன்? கேட்க வேண்டிய கேள்விதான். ஊதா வெளிச்சம் வீசும் ‘குரோ லைட்’ விளக்குகள் இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன், செடிக்கு வெளிச்சம் எதற்கெல்லாம் வேண்டும் என்று தெரிந்துகொண்டால், அந்த விளக்கு எங்கே வீண், எங்கே பெரிய கருவி என்பது விளங்கிவிடும்.

செடிக்கு வெளிச்சத்தால் இரண்டு காரியங்கள் ஆகின்றன. ஒன்று, சாப்பாடு: இலை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. மற்றது, காலக்கணக்கு: பகல் எவ்வளவு நேரம், இருட்டு எவ்வளவு நேரம் என்று அளந்து, இது எந்தப் பருவம் என்று அறிந்துகொள்கிறது. முதல் காரியத்துக்கு ஏராளமான வெளிச்சம் வேண்டும். இரண்டாவதற்கு மிகக் கொஞ்சம் போதும். எல்இடி விளக்கின் லாப நட்டம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இலைக்குத் தெரியும் வெளிச்சம்

1882-இல் ஜெர்மானிய அறிஞர் தியோடர் எங்கெல்மன் ஒரு பாசி இழையின் மேல் வானவில்லின் நிறங்களைப் பிரித்து விழச் செய்தார். ஆக்சிஜனை நாடும் பாக்டீரியாக்களையும் அதே நீரில் விட்டார். சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் அவை மொய்த்தன. அங்கேதான் ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடந்து ஆக்சிஜன் வெளிவந்தது என்பது இதிலிருந்து தெரிந்தது. செடி விளக்கு என்றாலே சிவப்பும் நீலமும் கலந்த ஊதா என்ற எண்ணத்தின் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1972-இல் கீத் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை நிறம் நிறமாக அளந்து பார்த்தார். பச்சை வெளிச்சத்தையும் இலை கணிசமாகப் பயன்படுத்துகிறது என்பது அப்போது உறுதியானது. பச்சை ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே இலை திருப்பி அனுப்புகிறது. மீதி இலைக்குள் ஆழமாக இறங்கி அடியடுக்குச் செல்களுக்கும் வேலை கொடுக்கிறது. ஆகவே நல்ல வெள்ளை எல்இடி விளக்கே செடிக்குப் போதும். ஊதா நிறத்தில் மந்திரம் எதுவும் இல்லை.

அளவில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்பதே இலைக்குக் கணக்கு. அதை மைக்ரோமோல் என்ற அலகில் அளக்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் அது சுமார் 2000. ‘நல்ல வெளிச்சமான அறை’ என்று நாம் சொல்லும் கூடத்தின் நடுவில் பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. நூறில் ஒரு பங்கு! ஜன்னலோரம் வைத்த தக்காளி நாற்று கொடி போல நீண்டு வெளுத்துச் சாய்வது இந்தப் பட்டினியால்தான்.

மழை ஒரு நிமிடம் எவ்வளவு கனமாகப் பெய்தது என்பதைவிட, நாள் முழுதும் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைத்தானே உழவர் கேட்பார். வெளிச்சமும் அப்படித்தான். ஒரு நாளில் விழும் மொத்தத்தை மோல் கணக்கில் சொல்வார்கள். லெட்டூஸ் கீரைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் வேண்டும். தக்காளிக்கு 20-க்கு மேல். திருவண்ணாமலையில் மேகமில்லாத நாளில் ஒரு மொட்டைமாடியில் 40 மோல் அளவுக்கு இலவசமாகக் கொட்டுகிறது. மாடி உள்ளவர்கள் வெயிலைத் தணிக்க நிழல்வலை வாங்கினால் போதும், விளக்கு வேண்டாம்.

விண்வெளியில் விளைந்த கீரை

1962-இல் அமெரிக்காவின் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை உருவாக்கினார். நீல எல்இடிக்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் வந்த பிறகே வெள்ளை வந்தது. நம் வீட்டு எல்இடி பல்பு என்பது, நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியதுதான். நீலமும் பச்சையும் சிவப்பும் அதில் கலந்தே வருகின்றன.

பழைய சோடியம் விளக்குகளைச் செடிக்கு அருகில் கொண்டுபோனால் இலை கருகிவிடும். எல்இடியை ஒரு சாண் உயரத்திலேயே தொங்கவிடலாம். அதனால் தட்டுத் தட்டாக அடுக்கி வளர்க்க முடிகிறது. நாசா 1980-களின் பிற்பகுதியிலிருந்தே இதில் அக்கறை காட்டியது. 2014-இல் ‘வெஜ்ஜி’ என்ற சிறு தோட்டம் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனது. அதில் எல்இடி வெளிச்சத்தில் விளைந்த சிவப்பு லெட்டூஸ் கீரையை 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் சாப்பிட்டார்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டில் இஸ்ரோ எட்டுக் காராமணி விதைகளை அனுப்பியது. மூடிய பெட்டிக்குள் நான்கே நாளில் அவை முளைத்து, பிறகு இலையும் விட்டன.

வீட்டுக் கணக்கு

தரைக்கு வருவோம். மாடியில்லாத வாடகை வீடு, வெளிச்சம் புகாத நடு அறை. அங்கே என்ன வளர்க்கலாம்? நான்கடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு தட்டின் மேல் 20 வாட் எல்இடி குழல் விளக்கு இரண்டைத் தொங்கவிட்டால், இலைமட்டத்தில் ஏறக்குறைய 100 மைக்ரோமோல் கிடைக்கும். வெந்தயம், கடுகு, முள்ளங்கி, பச்சைப்பயறு ஆகியவற்றைத் தென்னைநார்க் கழிவின் மேல் தூவி, முளைவிட்ட இளங்கீரையாக ஏழு முதல் பன்னிரண்டு நாளில் அறுக்க இது போதும். நாளுக்கு 14 மணி நேரம் எரித்தால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். இரு மாத மின்கட்டணச் சுற்றுக்கு 34 யூனிட் ஆகும். காற்றோட்டம் மட்டும் அவசியம். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

இதே முறையில் அரிசி விளைவிக்கலாமா? ஒரு கிலோ அரிசியில் அடங்கிய ஆற்றலை மின்சாரமாகக் கணக்கிட்டால் சுமார் 4 யூனிட். விளக்கில் மின்சாரம் ஒளியாகும்போது ஒரு பகுதி இழப்பு. ஒளி இலையில் பயிராகும்போது பெரும்பகுதி இழப்பு. பயிரில் பாதி வைக்கோலாகப் போய்விடும். செலுத்திய மின்சாரத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் மணியில் வந்து சேரும். ஒரு கிலோ அரிசிக்கு 200 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. எந்தக் காலத்திலும் கட்டுப்படியாகாத கணக்கு இது. கீரைக்குக்கூடப் பெரிய அளவில் இது எளிதல்ல. அமெரிக்காவில் அடுக்குப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் மனு கொடுத்தது. போவரி ஃபார்மிங் 2024-இல் மூடப்பட்டது. வெயிலுக்குப் போட்டியாக விளக்கை நிறுத்தினால் வெயிலே வெல்லும்.

இருட்டை அளக்கும் அவரை

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். விளக்கின் அருமை இங்கேதான் தெரியும். ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை புரட்டாசிவரை வெறும் கொடியும் இலையுமாகப் படரும். பனிக்காலம் பிறந்ததும் கொத்துக் கொத்தாகப் பூக்கும். தைமாதம் காய் சடைசடையாகத் தொங்கும். பனிதான் பூவைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் கொடி அளப்பது இரவின் நீளத்தை. திருவண்ணாமலையில் ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 25 நிமிடம். ஒன்றரை மணி நேரம்கூட வராத இந்த வித்தியாசத்தைக் கொண்டு கொடி தன் பருவத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. ‘பட்டம் தவறாமல் விதை’ என்று உழவர்கள் காத்துவந்த ஒழுங்கில், மழையோடு இந்தப் பொழுதுக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

இதை அறிவியல் முறையில் நிறுவியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். கோடையில் பூக்க மறுத்த ஒரு புகையிலை ரகத்தை மாலையில் இருட்டுக் கொட்டகைக்குள் நகர்த்தி வைத்துப் பூக்கச் செய்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1920-இல் வெளியானது. பிறகு 1950-களில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர், பைட்டோகுரோம் என்ற நிறமியே இந்த அளவைக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவம் எடுக்கும். 730 நானோமீட்டர் தொலைசிவப்பு ஒளியில் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நீண்ட இருட்டின் நடுவே சிறிது சிவப்பு ஒளி விழுந்தாலே, ஒரே நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகச் செடிக்குத் தோன்றிவிடும்.

சாமந்தி வளர்ப்பவர்கள் இதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். சாமந்தியும் நீண்ட இரவில் பூக்கும் செடி. பல ரகங்களுக்கு நம் பகுதியின் பகல் ஆண்டு முழுவதுமே குறுகியதுதான். கன்று உயரம் பிடிக்கும் முன்பே மொட்டு வைத்துவிடும். காம்பும் நீளாது, பூவும் பெருக்காது. ஆகவே ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் வட்டார வயல்களிலும் வரிசையாக எல்இடி பல்புகளைக் கட்டி, சில வாரங்கள் நள்ளிரவையொட்டி நான்கு மணி நேரம் எரியவிடுகிறார்கள். செடி வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிடுகிறார்கள். அதிலிருந்து எட்டுப் பத்து வாரத்தில் பூ வரும். ஆயுதபூசைக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் திருவண்ணாமலைப் பூக்கடைகளில் பூ எத்தனை வேண்டும் என்று நமக்குத் தெரியும். அந்த நாளுக்குக் கணக்கு வைத்துப் பூக்கவைக்க இந்த முறையால் முடியும்.

இதற்கு ஆகும் வெளிச்சம் ஒன்றிரண்டு மைக்ரோமோல்தான். இளங்கீரைக்குக் கொடுத்ததில் ஐம்பதில் ஒரு பங்கு! செடிக்குச் சோறாக வெளிச்சம் கொடுத்தால் மின்கட்டணம் தாங்காது; சேதியாகக் கொடுத்தால் கொஞ்ச மின்சாரத்தில் ஒரு வயலையே வழிநடத்தலாம்.

ஆண்டுக்கு ஐந்து தலைமுறை

பொழுதை ஆளும் இந்த வித்தையை இன்னொரு துறையும் கையில் எடுத்திருக்கிறது. ஒரு புதிய பயிர் ரகத்தை உருவாக்க இரண்டு ரகங்களை இனக்கலப்புச் செய்து, அதன் சந்ததியை ஆறேழு தலைமுறை திரும்பத் திரும்ப விதைத்து, குணம் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். வயலில் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தலைமுறைதான் கிடைக்கும். அதன் பிறகு விளைச்சல் சோதனைகள் இருக்கின்றன. பத்தாண்டு போவது சாதாரணம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லீ ஹிக்கி குழுவினர், நாளுக்கு 22 மணி நேரம் விளக்கெரித்துக் கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் ஆண்டுக்கு ஆறு தலைமுறைவரை எடுக்க முடியும் என்று 2018-இல் காட்டினார்கள். நெல்லுக்கு அது சரிப்படாது. நீண்ட பகலில் நெல் பூக்கத் தயங்கும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வாரணாசி மையம் அதற்குத் தனி வழி வகுத்தது. முதலில் நீண்ட பகல் கொடுத்துப் பயிரை வளர்த்து, பிறகு பகலைப் பத்து மணி நேரமாகக் குறைத்தால், அறுபது நாளுக்குள் கதிர் பூக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து தலைமுறை கிடைக்கிறது. துவரைக்கும் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் இதுபோன்ற முறையை வகுத்துள்ளது.

இந்தச் செய்தி திருவண்ணாமலைக்கு நெருக்கமானது. நகரை ஒட்டிய அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றில் ‘ஏடிஎல் 1’ என்று ஊரின் பெயரைத் தாங்கிய ரகங்கள் அங்கிருந்து வந்தவை. ஜவ்வாது மலையில் மழையை மட்டும் நம்பிச் சாமை விதைக்கும் குடும்பங்களுக்கு, வறட்சியைத் தாங்கிச் சாயாமல் நிற்கும் ரகம் ஒன்று பத்தாண்டுக்குப் பதில் ஐந்தாண்டில் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய உதவி! சிறுதானியங்களில் பலவும் இருட்டை அளக்கும் பயிர்களே. எல்இடிக்கு நம் மாவட்டத்தில் மதிப்புள்ள இடம் எது என்று கேட்டால், ஒவ்வொரு வீட்டுக் கூடத்தையும்விட இத்தகைய விதை ஆய்வறைகளையே முதலில் சொல்வேன்.

இந்த அறிவியலைப் பள்ளிப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம். ஆண்டு முழுதும் காய்க்கும் குத்துச்செடி ரகத்தைத் தவிர்த்து, நாட்டுப் பந்தல் அவரை விதையை ஆடியில் இரண்டு தொட்டிகளில் ஊன்றுங்கள். இரண்டும் பகலில் ஒரே வெயிலில் நிற்கட்டும். புரட்டாசி முதல் ஒன்றுக்கு மட்டும் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை 9 வாட் பல்பு எரியட்டும். நேரம் வைத்து அணைக்கும் டைமர் ஒன்று போதும். அந்த வெளிச்சம் அடுத்த தொட்டியில் படாமல் மறையுங்கள். எந்தக் கொடி எந்தத் தேதியில் முதல் பூ விட்டது என்று பிள்ளைகள் குறித்துவரட்டும். செலவு மாதத்துக்கு ஒரு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். செடிக்கு நாளும் கிழமையும் தெரியும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிடத் தாங்களே கண்டறிந்த பிள்ளை, நாளை அத்தியந்தலில் ஒரு ரகத்தை உருவாக்கும் ஆய்வாளராக வரக்கூடும்.