பழமொழி வேறு, எபிகிராம் வேறு



தோட்டத்துக் கடைகளில் இருந்த சின்னக் கணக்குப் புத்தகத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அட்டையில் 555 என்று போட்டிருக்கும். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அதில் ஏறும்; சம்பள நாளன்று இறங்கும். முழுவதும் இறங்காமல் அடுத்த மாதத்துக்குப் போவதும் உண்டு. கடன் என்பது எல்லார் வீட்டுக்கும் வந்து பழகிய விருந்தாளி. ஆகையால் இன்றைய இலக்கியச் செய்தியையும் கடனை வைத்தே விளக்கலாம்.

"கடன் அன்பை முறிக்கும்" என்கிறோம். இது பழமொழி. முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால் விடை கிடையாது, ஊரே சொன்னது. "கடனே என்று வேலை செய்கிறான்" என்கிறோம். இது மரபுத்தொடர். இங்கே பணமும் இல்லை, கடன்காரரும் இல்லை. மனமில்லாமல் செய்கிறான் என்பதே பொருள். "கடனே என்று" என்பது மட்டும் தனியே நின்றால் ஒரு கருத்தும் ஆகாது. "வரும்போது சிரிக்கும், போகும்போது அழவைக்கும், அது என்ன?" என்று கேட்டால் விடுகதை.

இப்போது இதைக் கேளுங்கள். இந்தப் பேச்சுக்காக நாமே கட்டியது: "நண்பனுக்குக் கடன் கொடுத்தேன். பணமும் போயிற்று, நண்பனும் போனான். நான் தேடுவது பணத்தைத்தான்."

செய்தி பழமொழியில் உள்ளதுதான். ஆனால் நண்பனை நினைத்து வருந்துகிறான் என்று நாம் நம்பிக்கொண்டு வரும்போது, கடைசியில் பேச்சு திரும்பி, பேசியவன் தலையிலேயே குட்டு விழுகிறது. சுருக்கம், ஒருவருடைய குரல், முடிவில் ஒரு திருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த இதைத்தான் மேல்நாட்டார் எபிகிராம் என்கிறார்கள்.

இது கிரேக்கச் சொல். 'மேலே எழுதியது' என்று பொருள். முதலில் கல்லறைகள் மீதும், கோயிலுக்குக் கொடுத்த காணிக்கைப் பொருள்கள் மீதும் பொறித்த எழுத்துக்கே இந்தப் பெயர். கல்லில் எழுத்து வெட்டுவது எளிய வேலையா? அதனால் சொல் குறைந்தது. கி.மு. 480-இல் தெர்மோப்பிலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து மாண்ட ஸ்பார்ட்டா வீரர்களுக்கு நாட்டிய கல்லில் இருந்தது இரண்டே வரிதான். அதில் கேலி ஏதும் இல்லை.

கேலியை அதன் வாலில் கொடுக்காக வைத்தவர்களில் பெரும்பெயர் பெற்றவர், கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த மார்ஷியல் என்ற கவிஞர். 1,500-க்கும் மேற்பட்ட எபிகிராம்கள் பாடினார். விருந்துக்கு அலைகிறவன், பிறர் கவிதையைத் தன்னுடையதென்று படிக்கிறவன், சொத்துக்காகக் கிழவியை மணக்கத் துடிக்கிறவன் என யாரையும் அவர் விடவில்லை. ஆனாலும் தாம் சாடுவது குற்றத்தையே, ஆளையல்ல என்று சொல்லி, கற்பனைப் பெயர்களையே வைத்தார். இது நமக்குப் பிடித்த வழக்கம். நம் கல்யாண வீட்டுக் கேலியில் இதைக் கடைப்பிடித்தால் பாதிச் சண்டை குறையும்.

தமிழில் இது இல்லையா? தொல்காப்பியர் பிசி என்று விடுகதையையும், முதுசொல் என்று பழமொழியையும், அங்கதம் என்று வசையையும் தனித்தனியாகவே வைத்தார். பழியை வெளிப்படையாகச் சொல்லும் அங்கதமும் உண்டு, மறைத்துச் சொல்லும் அங்கதமும் உண்டு என்றார். எபிகிராமுக்கு நெருங்கிய உறவு இந்த அங்கதமே. நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு வரத் தாமதமானபோது காளமேகப் புலவர் பாடியதாகச் சொல்லும் வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாயும்போதுதான் அரிசியே வருமாம். ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம். சத்திரக்காரர் வருந்தவே, அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொன்னார் என்பது கதை.

திருக்குறளும் ஒன்றே முக்கால் அடிதான். அதனால் அதை எபிகிராம் என்று சொல்லலாமா? முழுவதையும் சொல்ல முடியாது என்பது நம் கருத்து. பெரும்பாலான குறள்கள் நேராக அறம் சொல்லுகின்றன. ஆனால் 'கயமை' அதிகாரத்துக்கு வந்தால் வள்ளுவர் சிரிக்கத் தொடங்குகிறார். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்று உயர்த்துகிறார். ஏன் என்றால், இருவருமே தம் மனம் போனபடி நடப்பவர்களாம்! கிரேக்கரும் ரோமரும் இதைக் கேட்டிருந்தால் தம் பிள்ளை என்றே தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள்.

இந்த வேறுபாடு பள்ளிப் பாடத்துக்கு மட்டும் உரியதல்ல. "அடியாத மாடு படியாது" என்று ஒருவர் பிரம்பை எடுக்கும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஊரே நிற்பது போல் தோன்றுகிறது. பிள்ளை யாரிடம் எதிர்வாதம் செய்யும்? பழமொழிக்கு முகம் இல்லை. எபிகிராமுக்கு முகம் உண்டு. சொன்னவரைப் பார்த்து, "ஐயா, அது உங்கள் எண்ணம்" என்று பதில் சொல்லலாம். பிள்ளையை அடக்கப் பழமொழியை எடுக்கும் பெற்றோர், அது தங்கள் எண்ணமா, ஊர் எண்ணமா என்று ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது.

பொன்மொழியைப் பற்றியும் ஒரு சொல். அதற்கும் சொன்னவர் பெயர் உண்டு. ஆனால் திருப்பமோ குத்தலோ வேண்டியதில்லை, அறிவுரையாக நேரே போகும். உங்கள் வீட்டு நாள்காட்டித் தாளின் அடியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். நாளைக் காலையில் அந்தத் தாளைக் கிழிக்கும் முன், கீழே பெயர் இருக்கிறதா, கடைசிச் சொல்லில் பேச்சு திரும்புகிறதா என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.