மல்லரும் தராசும்

மாணவர்களே, மற்போர் வீரர்களை எடைவாரியாகப் பிரிப்பது, மெலிந்தவனை வலியவனிடமிருந்து காப்பதற்கென எழுந்த ஏற்பாடு. ஆனால் மனிதன் சூழ்ச்சியில் வல்லவன் அல்லவா? கனத்த உடலைச் சில நாட்களில் வற்றச் செய்து, கீழ்ப்பிரிவில் புகுந்தால் வெற்றி எளிது என்று கணக்கிட்டான்.

அவ்வாறு விரைந்து குறைவது பெரும்பாலும் கொழுப்பன்று, நீரே. வீரர்கள் பட்டினி கிடந்து, தண்ணீரையும் விலக்கி, ரப்பர் உடை அணிந்து வெப்ப அறையில் பயிற்சி செய்கிறார்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். ரப்பர் உடையோ ஆவியாக விடாது. ஆகவே வியர்வை பெருகியும் சூடு தணிவதில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைய, இதயம் அதை ஈடுசெய்ய விரைந்து துடிக்கிறது. சிறுநீரகங்களும் இடர்ப்படுகின்றன.

1997ஆம் ஆண்டின் இறுதியில், ஆறு வாரங்களுக்குள், அமெரிக்கக் கல்லூரி மாணவர் மூவர் இம்முயற்சியில் மாண்டனர். உங்கள் வயதினர்தாம். அதன் பின்னரே அந்நாட்டுக் கல்லூரி மற்போரில் ரப்பர் உடையும் வெப்ப அறையும் விலக்கப்பட்டன. இளைஞனைத் தாகத்தால் வாட்டும் பயிற்சியாளரை ஆசிரியர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வினேஷ் போகாட் 50 கிலோப் பிரிவில் முதல்நாள் எடை சரியாக நின்று, மூன்று போட்டிகளில் வென்றார். உண்டதும் பருகியதும் எடையை மீண்டும் உயர்த்தின. இரவெல்லாம் பயிற்சி செய்தார், கூந்தலையும் குறைத்தார்கள். மறுநாள் காலை, இறுதிப் போட்டிக்கு முன், தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டியது.