ஒரே சாலையில் பள்ளி, கல்லூரி, கம்பெனி: நடுவில் வழி எங்கே?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். பத்தாவதோ ப்ளஸ் டூவோ முடிக்கிற ஒரு பிள்ளை, தன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் தொழிற்சாலையில் நல்ல வேலைக்குப் போய், அங்கிருந்து மேலே வளரணும்னா அதுக்கு வழி என்ன? அந்த வழி எங்கே இருக்கு, எங்கே அறுந்து போகுது?

இதைப் பேசுவதற்குத் தண்டலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்தால் தண்டலம். ராஜலட்சுமி பொறியியல் கல்லூரி, சவீதா பொறியியல் கல்லூரி ரெண்டும் இங்கேதான். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் பென்னலூரில் 1985-இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. அதே சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது அங்கிருந்துதான். அப்புறம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன், சாம்சங், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். ஒரகடம் பக்கம் திரும்பினால் 2010-இல் திறந்த ரெனோ நிசான், 2012-இல் திறந்த டெய்ம்லர், அப்பல்லோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு. நடுவில் ஊருக்கு ஊர் அரசுப் பள்ளிகள்.

எல்லாம் ஒரே சாலையில் இருக்கு. ஆனால் பள்ளியிலிருந்து கம்பெனிக்குப் போகும் பாதை தானாக உருவாகிவிடவில்லை. பல பிள்ளைகளுக்குக் கண்ணில் படுவது ஒரே கதவு: ப்ளஸ் டூ முடிச்சதும் ஏஜென்சி வழியாக 'ட்ரெய்னி' வேலை. கம்பெனி பஸ், கேன்டீன், மாசம் ஒரு தொகை. குடும்பத்துக்கு அந்தப் பணம் அவசியம். அதைக் குறை சொல்ல முடியாது. ரெண்டு வருஷம் கழிச்சு வெளியே வரும்போது கையில் என்ன சான்றிதழ் இருக்கு என்பதுதான் கேள்வி.

நோக்கியா விட்டுச் சென்ற பாடம்

இது ஏன் முக்கியம்னு இந்தப் பகுதிக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தாங்க. பெரும்பாலோர் இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். பிறகு வருமான வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டது. 2014-இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது.

ஆலை மூடியதற்கான காரணங்கள் தனிக் கதை. நமக்கு வேண்டியது அடுத்து நடந்தது. ஐந்தாறு வருஷம் ஒரே லைனில், ஒரே வகை வேலையைத் திறமையாகச் செய்த ஒருவர், இன்னொரு கம்பெனி வாசலில் நிற்கும்போது மறுபடியும் வெறும் 'ப்ளஸ் டூ பாஸ்' ஆகிவிடுகிறார். கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அதை வெளியாள் ஒருவர் சோதித்துச் சான்று கொடுத்திருக்கவில்லை. அதே கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டு சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைச்ச மாதிரி, வேலை பார்த்தவங்களுடைய அனுபவத்துக்கு எளிதாகக் கிடைப்பதில்லை.

அதனால் பாதைன்னு நான் சொல்றது வேலை கிடைப்பதை மட்டும் இல்லை. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கும், வேலையிலிருந்து மறுபடி படிப்புக்கும் போக முடியணும். அதுதான் பாதை.

ஏற்கனவே இருக்கும் படிகள்

பலருக்குத் தெரியாத விஷயம், தமிழ்நாட்டில் இந்தப் படிகள் காகிதத்தில் நன்றாகவே இருக்கு. வரிசையாகச் சொல்றேன்.

பத்தாவது முடித்தவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் மாதிரி இரண்டு வருஷப் படிப்பில் சேரலாம். முடித்த பிறகு தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளை எழுதித் தேறினால் ப்ளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ப்ளஸ் டூ முடித்தவருக்கும் அந்த வழி உண்டு. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆக, பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. போன பிள்ளைக்குப் பொறியியல் பட்டம் வரை கதவு திறந்தே இருக்கு. 'ஐ.டி.ஐ. போனா அவ்வளவுதான்' என்பது உண்மை இல்லை.

பணமும் ஓரளவு இருக்கு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் ப்ளஸ் டூ வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய். மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் அதே தொகை. கல்லூரிக்கு மட்டும் இல்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புகளுக்கும் இது பொருந்தும்.

ஐ.டி.ஐ.களின் தரம் பற்றி ஒரு பழைய குறை உண்டு: பழைய லேத்தில் படிச்சிட்டுப் போனால் கம்பெனியில் ரோபோ நிற்குதுன்னு. அதைச் சரிசெய்ய 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தும் திட்டம் வந்தது. அதன் முதல் கட்டத் தொடக்க விழா 2023-இல் ஒரகடம் அரசு ஐ.டி.ஐ.யில்தான் நடந்தது. கல்லூரிப் பக்கம், 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இருக்கு.

அப்ரண்டிஸ்: நடுவில் இருக்கும் பாலம்

படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் சட்டமே போட்டு வைத்த பாலம் ஒன்று உண்டு. அது 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ்களை எடுக்கணும். எத்தனை பேர்? காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம். 1,000 பேர் வேலை செய்யும் ஆலை என்றால் குறைந்தது 25 பேர், அதிகம் 150 பேர்.

2019-இல் திருத்திய விதிப்படி குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. கம்பெனி அதற்கு மேலும் கொடுக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. அப்ரண்டிஸ் என்பவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். பி.எஃப். பிடிக்க மாட்டாங்க. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகணும்னு கம்பெனிக்குக் கட்டாயமும் இல்லை. அப்புறம் என்ன லாபம்? பயிற்சி முடிவில் வெளித் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்று கம்பெனியோடு நின்றுவிடாது. எந்தக் கம்பெனி வாசலிலும் காட்டலாம்.

'ட்ரெய்னி' என்ற பெயரில் எடுக்கிற எல்லாருமே இந்தச் சட்டப்படியான அப்ரண்டிஸ் கிடையாது. ஒப்பந்தம் பதிவாகவில்லை என்றால் சான்றிதழும் வராது, சட்டத்தின் பாதுகாப்பும் வராது. தொழிலாளி உரிமையும் இல்லாமல், பயிற்சிச் சான்றும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும் நிலை அதுதான்.

ஜெர்மனியை எல்லாரும் உதாரணம் காட்டுவாங்க. அங்கே பிள்ளை முதலில் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுது. வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் ஆலை. மூன்று, மூன்றரை வருஷம். இறுதித் தேர்வை நடத்துவது பயிற்சி கொடுத்த கம்பெனி இல்லை, தொழில் வணிகச் சபை. அதனால்தான் அந்தச் சான்றுக்கு ஊரெல்லாம் மதிப்பு. நம்ம நாட்டிலும் 2016-இல் ஐ.டி.ஐ.களுக்கு இரட்டைப் பயிற்சி முறை வந்தது: ஒரு பகுதி ஐ.டி.ஐ.யில், ஒரு பகுதி ஆலையில். கோவைக்கு இது அதற்கும் முன்பே பழக்கம். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. அறநிலையம் பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடத்தையும் படிப்பையும் பக்கத்தில் வைத்தே வளர்த்தது. படிப்பும் ஆலைப் பயிற்சியும் மாறி மாறி வரும் சாண்ட்விச் படிப்புகள் அங்கே உண்டு.

பாதை எங்கே அறுகிறது

முதலாவது, பள்ளியில். கம்பெனிக்குள் என்னென்ன வேலை இருக்குன்னு பத்தாவது ஆசிரியருக்கே தெரிய வாய்ப்பில்லை. லைன் ஆபரேட்டர் மட்டும்தான் கண்ணில் படுது. மெயின்டனன்ஸ், டூல் ரூம், தரப் பரிசோதனை, பெயின்ட் ஷாப், ரோபோ புரோகிராமிங் எதுவும் படுவதில்லை. மாணவரைக் கூட்டிப்போகும் முன்னால் ஆசிரியரை ஒரு வாரம் ஆலைக்குள் அனுப்பினால் போதும். ஒரு ஆசிரியர் வருஷத்துக்கு வருஷம் வரும் மாணவர்களுக்குச் சொல்வார்.

இரண்டாவது, கல்லூரியில். கேம்பஸ் என்றால் ஐ.டி. கம்பெனி என்றாகிவிட்டது. பக்கத்து ஆலையிலிருந்து ஒரு புராஜெக்ட்டை எடுத்து இறுதி ஆண்டு மாணவர் செய்தால், கம்பெனிக்கு ஒரு சிக்கல் தீரும், மாணவருக்கு உள்ளே ஒரு அறிமுகம் கிடைக்கும்.

மூன்றாவதுதான் பெரியது: ஷிஃப்ட். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர டிப்ளமோ படிக்க வழி இருக்கு. ஆனால் வகுப்பு மாலையில் நடக்கும். வாரா வாரம் ஷிஃப்ட் மாறினால் எப்படிப் போவது? படிக்கிறவங்களுக்கு மட்டும் ஷிஃப்ட்டை நிலையாக வைக்க கம்பெனி முன்வந்தால் பெரிய செலவு எதுவும் இல்லை. இல்லைன்னா வகுப்பு தொழிலாளி இருக்கும் இடத்துக்கு வரணும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தனை இளம் பெண்கள் ஒரே இடத்தில் தங்கும்போது, அங்கேயே டிப்ளமோ வகுப்பு நடத்துவதைப் பற்றி யோசிக்கலாம்தானே?

முகாமுக்குப் போகும் முன்

கடைசியாக, வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்க வேண்டிய நாலு கேள்வி. சம்பளம் போடுவது கம்பெனியா, காண்ட்ராக்டரா? இது பதிவு செய்த அப்ரண்டிஸ் ஒப்பந்தமா, ஆம் என்றால் அதன் நகல் கிடைக்குமா? முடியும்போது யார் தேர்வு வைத்து, யார் சான்றிதழ் கொடுப்பாங்க? போன வருஷம் முடித்தவங்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீங்க?

கூச்சப்படாமல் கேளுங்க. நல்ல கம்பெனி பதில் சொல்லும். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். பள்ளித் தலைமை ஆசிரியர்களும் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களும், முகாமுக்கு இடம் கொடுக்கும் முன் இதே நாலு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கினால், பிள்ளைகள் தனித்தனியாகக் கேட்க வேண்டிய நிலையே வராது.

அடுத்த எபிசோடில் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்போம்.