‘ஆயுளுக்கும் போதும்’ என்ற கியர் எண்ணெய்

உர மூட்டை, தண்ணீர்த் தொட்டி, செம்பனைக் குலை என்று எதை ஏற்றுவதானாலும் கெடா தோட்டப்புறத்துக் குத்தகையாளருக்குப் பிக்கப்தான் கைகொடுக்கிறது. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றிலும் ஆட்டோ கியர் வந்த பிறகு, கூடவே ஒரு பேச்சும் வந்து ஒட்டிக்கொண்டது: ‘இந்தக் கியர்பாக்ஸ் சீல் வைத்தது, எண்ணெய் ஆயுளுக்கும் போதும்.’ யாருடைய ஆயுள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. முதல் தலைமுறை அமரோக் பிக்கப்பின் எட்டு கியர் பெட்டியைச் செய்தது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம். ஓட்டும் முறையைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில், எண்ணெயை மாற்றச் சொல்வது அதே நிறுவனம்தான். பெட்டியைச் செய்தவனே மாற்று என்கிறபோது விற்பவர் வாய்ச்சொல்லை நம்புவானேன்?

இந்த எண்ணெய்க்கு வேலை ஒன்றல்ல. என்ஜினின் சுழற்சியை டார்க் கன்வெர்ட்டர் வழியே கியருக்குக் கடத்துவது, கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, சூட்டை வாங்கி வெளியேற்றுவது எல்லாம் இதன் தலையில்தான். சூடுதான் இதற்கு எமன். வழக்கமான 80, 90 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கு இந்தக் கவலை குறைவு. பாலிங் பக்கத்து மேட்டுத் தோட்டங்களில் சுமையோடு ஊர்ந்து ஏறும் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் ஓயாமல் வழுக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாகிறது, காற்றும் போதிய அளவு படுவதில்லை. வண்டியோடு வரும் கையேட்டைப் புரட்டினால் புழுதிப் பாதை, கனத்த சுமை, இழுவை ஆகியவை ‘கடுமையான பயன்பாடு’ என்று தனியாகப் போடப்பட்டிருக்கும். தோட்டத்து வண்டிக்கு அன்றாடப் பாடே அதுதான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் வீட்டிலா, டீலரிடமா? பலர் இதை எண்ணெய் விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். என் கணக்கில் நாம் காசு கொடுப்பது எண்ணெய்க்கு அல்ல, அளவுக்கு. டிப்ஸ்டிக் உள்ள பழைய வண்டியில் அளவை யாரும் பார்த்துவிடலாம். கைப்பழக்கம் உள்ளவர் வீட்டு வாசலிலேயே வேலையை முடிக்கலாம். இன்றைய ஹைலக்ஸில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியை மட்டமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் சுமார் 40 டிகிரிக்கு வரும்போது அடியிலுள்ள துளை வழியே மிகுதி வழிகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் குளிர்ந்திருந்தால் அளவு கூடிப்போகும், அதிகம் சூடாகியிருந்தால் குறைந்துபோகும்; இரண்டிலும் நுரை கட்டிக் கிளட்ச் கெடும். ஈர மண்ணில் கை ஜாக்கியை நிறுத்தி, ஓடும் வண்டிக்கு அடியில் படுத்து இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது.

எண்ணெய் வகையிலும் ஏமாறக் கூடாது. இந்த ஹைலக்ஸுக்கு டொயோட்டா டபிள்யூஎஸ். ரேஞ்சரின் ஆறு கியர் பெட்டிக்கு மெர்கோன் எல்வி, பத்து கியர் பெட்டிக்கு மெர்கோன் யுஎல்வி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்ற முடியாது. கிளட்ச் பிடிக்கவும் வேண்டும், வெடுக்கென்று பிடிக்கவும் கூடாது. அந்தப் பதத்துக்காக 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் திமிங்கில எண்ணெயையே கலந்தார்கள் என்றால் இந்தக் கலவையின் நுட்பம் விளங்கும்.

‘பழைய வண்டியில் எண்ணெய் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’ என்று போமன்களே சொல்வதுண்டு. இதைத் தள்ளிவிட முடியாது, ஆனால் காரணம் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. கியர் வழுக்கத் தொடங்கிய பிறகே பெரும்பாலோர் எண்ணெயை நினைக்கிறார்கள். அதற்குள் தகடு தேய்ந்திருக்கும். புது எண்ணெய் தேய்ந்த தகட்டை வளர்க்காது, பழி மட்டும் அதன் மேல் விழும். இயந்திரம் வைத்து அழுத்தத்தோடு கழுவினால் அடியில் படிந்த தூள் கிளம்பி வால்வுகளில் அடைக்கக்கூடும் என்பது நியாயமான அச்சம். அதனால் அதிக கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு, அடைப்பைத் திறந்து வடிய விட்டு, வடிந்த அளவே ஊற்றுவது நல்லது. டார்க் கன்வெர்ட்டரில் உள்ளது வடியாது. ஒரு தடவையில் மொத்தத்தில் ஒரு பகுதிதான் மாறும். சில வாரம் விட்டு மறுபடியும் செய்தால் போதும்.

வீட்டில் மாற்றுவோர் பழைய எண்ணெயை என்ன செய்கிறார்கள் என்பதும் கேட்க வேண்டியது. மலேசியாவின் 2005 அட்டவணைக் கழிவு விதிமுறைகள் பயன்படுத்திய மசகு எண்ணெயை எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வைத்திருக்கின்றன. தோட்டத்துக் கால்வாயில் ஊற்றினால் அது மூடா ஆற்றுக்குப் போகலாம். கெடா மட்டுமல்ல, பினாங்கும் குடிப்பது அந்த ஆற்று நீரைத்தான். மூடிய டப்பாவில் கொண்டுபோய், கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள்.

வாரண்டி இருக்கும்வரை டீலரிடம் செய்து ரசீதை வைத்திருப்பது புத்திசாலித்தனம். அதற்குப் பிறகு சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ நல்ல பட்டறை போதும். எந்த எண்ணெய், எத்தனை டிகிரியில் அளவு பார்ப்பீர்கள் என்று போமனிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள்.