மணி பிளான்ட் ஏன் பூப்பதில்லை?

நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கூடத்துத் தொட்டியில் வைத்த மணி பிளான்ட் இலை மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருக்கிறதாம். அதே கொடியில் ஒடித்துக் கொல்லையில் நட்டது தென்னையில் ஏறி, ஆளே மறையும் அளவுக்கு இலை விடுகிறதாம். "இத்தனை வருஷத்தில் ஒரு பூகூடப் பார்த்ததில்லையே, அது ஏன்?" என்றும் கேட்கிறார். அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த வீட்டுச் செடிகளில் இவ்வளவு வியப்பான சங்கதி வேறெதிலும் இல்லை.

அதன் பூவைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். இதன் தாய்மண் பசிபிக் கடலில் தஹிதிக்குப் பக்கத்திலுள்ள மோரியா தீவு. 1880-ல் தாவரவியலாளர்கள் முதன்முதலாக இதற்குப் பெயர் வைத்தபோது அவர்கள் கையில் பூ இல்லை. பூவைப் பார்க்காமல் ஒரு செடியின் இனத்தை உறுதியாகச் சொல்வது கடினம். அதனால் போத்தோஸ் என்றார்கள், பிறகு சிண்டாப்சஸ் என்றார்கள். 1962-ல் அபூர்வமாக ஒரு பூ ஆய்வாளர்களிடம் சிக்க, பெயர் மறுபடி மாறியது. இப்போது அது எபிபிரெம்னம் ஆரியம். வளர்ப்புக் கொடி தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-ல்.

காரணம் 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெளிவானது. செடிகளுக்குள் ஜிப்பரெல்லின் என்றொரு ஹார்மோன் உண்டு. தண்டு நீள்வது, விதை முளைப்பது, பூப்பது எனப் பல வேலைகளில் அதற்குப் பங்கிருக்கிறது. அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவரும் மரபணு மணி பிளான்டில் சரியாக இயங்குவதில்லை. ஆய்வாளர்கள் அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தார்கள், கொடி பூத்தது! பூக்கும் திறமை அதற்குள் முழுசாக இருக்கிறது, கிளப்பிவிடும் கட்டளைதான் வந்து சேரவில்லை. நான் வளர்ந்த ஊரில் மேட்டூர் அணை திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடினாலும், மதகுப் பலகையைத் தூக்காவிட்டால் வயல் காய்ந்துதான் கிடக்கும். இந்தக் கொடியின் கதையும் அதுதான்.

இந்த ஹார்மோனை உலகம் அறிந்துகொண்டதே நெல்லால் என்பது காவிரி டெல்டாக்காரர்களுக்குக் கூடுதல் செய்தி. நாற்று வெளிறி, மெலிந்து, நெட்டையாக ஓங்கிச் சாகும் நோய் ஒன்று உண்டு. ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று 1926-ல் காட்டியவர் ஜப்பானிய ஆய்வாளர் எயிச்சி குரோசாவா. அந்தப் பொருள்தான் ஜிப்பரெல்லின். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல் குட்டையாக நின்று, உரம் போட்டாலும் சாயாமல் கதிரைத் தாங்கியதே, அதன் ரகசியமும் இந்த ஹார்மோன் குறைவுதான் என்று 2002-ல் கண்டறிந்தார்கள். ஒரு செடியில் பூவைப் பறித்த குறை, இன்னொன்றில் களஞ்சியத்தை நிரப்பியிருக்கிறது.

பூ இல்லை என்றால் விதை இல்லை. அப்படியானால் ஊரெல்லாம் இது எப்படிப் பரவியது? கணுவோடு ஒடித்து நட்டுத்தான். உங்கள் ஜன்னலில் இருப்பது எங்கோ இருந்த ஒரு பழைய கொடியின் நீட்சி. திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் செல்வம் வரும் என்கிறார்கள். திருட வேண்டியதில்லை, கேட்டால் கொடுக்காதவர் யார்?

தென்னையில் ஏறியது பெரிய இலை விடுவதற்குக் காரணம் பிடிமானம். பற்றி ஏற இடம் கிடைத்தால் இது முதிர்கிறது. சில இலைகள் மூன்று அடிக்குக்கூட நீண்டு, ஓரம் கிழிந்து விரியும். தொங்கவிட்டால் கடைசிவரை சிறு இலைதான். தொட்டியில் ஒரு கழியை நட்டு, தேங்காய் நாரைச் சுற்றி ஈரமாக வைத்திருங்கள். கணுவிலிருந்து வரும் வேர் அதைப் பற்றிக்கொள்ளும், இலையும் அகலும்.

இனி மஞ்சள் இலைக்கு வருகிறேன். வாசகி தொட்டிக்கு வயல் மண்ணை எடுத்திருக்கிறார். நெல்லுக்கு அது தங்கம், தொட்டிக்கு ஆகாது. நன்னிலத்துக் களி தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றில்லாமல் வேர் அழுகும். மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு மணலும் தென்னை நார்க்கழிவும் மக்கிய எருவும் போதும். விரலை விட்டுப் பார்த்து மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இருட்டு மூலையில் வைத்தால் இலையின் பொன்வரி மங்கிவிடும். சித்திரை வெயில் நேரே பட்டால் கருகும். ஜன்னலோர வெளிச்சமே இதற்கு ஏற்றது.

பாட்டில் தண்ணீரில் வளர்ப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இடும் முட்டை பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று: இது சேம்புக்கும் கருணைக்கும் உறவு. அவற்றைப் போலவே இதிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் உண்டு. குழந்தை கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். 1989-ல் நாசா செய்த சோதனை மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கிடைக்கும் பலனைச் செடிகள் தர வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவைப்படும் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அழகுக்காக வளர்த்துக்கொள்ளுங்கள், அது போதாதா?

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. கொடி மிஞ்சினால் வெட்டி வாய்க்காலில் எறிகிறோம். இலங்கையில் கண்டியின் உடவத்தகெலே காப்புக்காட்டில் இதே மணி பிளான்ட் 20 ஹெக்டேருக்கும் மேல் படர்ந்து, தரையையும் மரங்களையும் மூடியிருக்கிறது. பூவும் விதையும் இல்லாமலே இவ்வளவு! அழகுக்கென்று கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஆறுகளை என்ன செய்தது என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெட்டிய கொடியைக் கேட்பவருக்குக் கொடுங்கள். மிச்சத்தை வெயிலில் மொரமொரவென்று காயவைத்து எருக்குழியில் போடுங்கள். முடிகொண்டான் ஆற்றில் மட்டும் ஒரு கணுவைக்கூடப் போடாதீர்கள்.